தொடை எலும்பின் கீழ்முனை முறிந்தால்: ப்ளேட் அறுவை சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு

பைக்கில் போய் லாரியில் மோதிய இளைஞரும் குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்த பாட்டியும் எலும்பு வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பது வழக்கமான காட்சி. இருவருக்கும் முறிந்தது ஒரே இடமாக இருக்கும்: முழங்கால் மூட்டிலிருந்து மேலே ஒரு சாணுக்குள், தொடை எலும்பு அகன்று இரண்டு குமிழ்களாகப் பிரியும் பகுதி. இளைஞருக்கு மோதிய வேகம் எலும்பைச் சிதைத்திருக்கும். பாட்டிக்கு எலும்பே மெலிந்து போயிருந்ததால் சின்ன விழுகையே போதுமாகிவிட்டது. கேரளத்தில் இரண்டாவது வகை குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே நூற்றுக்கு 12.6 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். தமிழ்நாட்டில் அது 10.4.

இந்த அத்தியாயம் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிற குடும்பங்களையும், அந்த ஊரிலேயே வசிக்கும் தமிழர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. உல்லூரை அடுத்த அரசு மருத்துவக் கல்லூரி 1951-ல் தொடங்கியபோது குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு சேர்ந்திருந்தது. 1956-ல் எல்லை மாறியது. வண்டி பிடித்து அங்கே போகும் பழக்கம் மாறவில்லை.

முதல் ஒரு மணி நேரம்

தொடை எலும்பு முறிந்தால் தோல் கிழியாமலே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளே கசியலாம். அதனால் வெளியே ரத்தம் இல்லையே என்று நிம்மதி கொள்ள வேண்டாம். 108-ஐ அழையுங்கள், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண் ஒன்றுதான். வண்டி வரும்வரை காலை எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேராக்குகிறேன் என்று யாரும் இழுக்கக் கூடாது. சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். அன்றே மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

இந்த முறிவில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கெண்டைக்கால் தசை தொடை எலும்பின் கீழ்முனையின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. எலும்பு முறிந்ததும் அந்தத் தசை கீழ்த்துண்டைப் பின்பக்கமாக இழுத்துச் சாய்க்கும். அங்கேதான் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. துண்டின் கூர்முனை அதைக் கிழித்துவிட்டால் பாதம் வெளுக்கும், குளிரும், விரல்களில் உணர்வு போகும். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலையே இழக்க நேரிடும். ஆகவே செருப்பைக் கழற்றி இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். முறிந்த பக்கம் குளிர்ந்திருந்தால் ஆம்புலன்ஸ்காரரிடமும், காஷுவாலிட்டியில் முதலில் கண்ணில் படும் டாக்டரிடமும் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ரத்தக்குழாயைத் தைக்க வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். இடையில் இரண்டு மூன்று இடங்களில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால் அந்த 6 மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும்.

பாதம் சூடாக இருக்கிறது, காயம் எதுவும் திறந்திருக்கவில்லை என்றால் அவசரப்பட்டு எல்லை தாண்ட வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரையறுத்த தொகைக்குள், கட்டணமில்லாமல் கிடைக்கும். அங்கே முதலுதவியும் ரத்தமும் காலை அசையாமல் தாங்கும் சட்டமும் கிடைத்த பிறகு எங்கே ஆபரேஷன் என்று நிதானமாக முடிவெடுக்கலாம்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் கதை வேறு. காயத்தைச் சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள், காப்பித்தூள், மண் எதையும் வைக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. இப்படிப்பட்ட முறிவுக்கு முதல் நாளே ப்ளேட் வைப்பது அரிது. காயத்தைக் கழுவி, வெளியிலிருந்து கம்பிச் சட்டம் மாட்டி, சதை தேறிய பிறகுதான் உள்ளே ப்ளேட் வைப்பார்கள். இரண்டு மூன்று ஆபரேஷன் என்று சொன்னால் திகைக்க வேண்டாம்.

ஆசானிடம் போகலாமா?

குமரிக்கும் தென் திருவிதாங்கூருக்கும் உரிய கேள்வி இது. வர்ம ஆசான்களின் மண் இது, களரியின் மண்ணும்கூட. சுளுக்குக்கும் சதைப்பிடிப்புக்கும் அவர்கள் கையில் குணமான பலர் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரு முறிவில் எக்ஸ்ரே எடுக்கும் முன் கட்டுப் போடக் கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ரத்தக்குழாய் அடிபட்டதா என்று தெரியாத காலில் மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினால் வீக்கம் உள்ளேயே அழுத்தி, பாதம் கறுத்துப்போகலாம். முறிவு மூட்டுக்குள் இறங்கியிருந்தால் கட்டு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் உடைந்த மூட்டுப் பரப்பை ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் சேர்க்க அதனால் முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு முழங்காலைச் சுற்றிச் சூடாக எண்ணெய் விட்டு உழிச்சல் செய்வதும் வேண்டாம். பலமாகத் தேய்த்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து முட்டி மடங்காமல் போவதுண்டு.

மருத்துவமனையில்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகம் பெரியது. அதே வளாகத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், வட்டாரப் புற்றுநோய் மையம், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான எஸ்.ஏ.டி. மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. ஸ்ரீ சித்திரா இதயத்துக்கும் நரம்புக்கும் பேர் போனது. எலும்பு முறிவுக்கு அங்கே போய் நிற்காதீர்கள். நீங்கள் தேட வேண்டியது மருத்துவக் கல்லூரியின் காஷுவாலிட்டி, பிறகு அஸ்திரோக விபாகம், அதாவது எலும்பு நோய்ப் பிரிவு. நோயாளியோடு தங்குகிறவரை அங்கே ‘பைஸ்டாண்டர்’ என்றே கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கியில் அந்தச் சொல் கேட்டால் உங்களைத்தான். ஒடிவு, நீர், பழுப்பு என்று நர்ஸ் கேட்பது முறிவையும் வீக்கத்தையும் சீழையும் பற்றி.

கேரளத்துக் குடும்பமாக இருந்து காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தின் அட்டை வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், போகும் மருத்துவமனையில் அது செல்லுமா என்று காப்பீட்டுக் கவுண்டரில் அட்மிஷன் போட்ட அன்றே கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து பில் போடும் நேரத்தில் கேட்டுப் பயனில்லை. ஆதார், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும்.

ப்ளேட்டையும் ஸ்க்ரூவையும் வெளியே வாங்கிவரச் சொன்னால் ‘அம்ரித்’ மருந்தகத்தில் முதலில் விலை கேளுங்கள். திருவனந்தபுரம் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசு நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேர், மருந்துகளையும் இம்பிளான்ட்களையும் குறைந்த விலைக்குக் கொடுப்பதற்காக 2015 முதல் நாடு முழுக்க இந்தக் கடைகளை நடத்துகிறது.

ஆபரேஷனுக்கு முன் சில நாள் காத்திருக்க வேண்டி வந்தால் கால் சட்டத்தில் இருக்கும். சிலருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பி செலுத்தி எடை தொங்கவிடுவார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது வலியைக் குறைக்கத்தான். வயதானவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நல்லதல்ல. முதியவர்களில் இந்த முறிவு இடுப்பு எலும்பு முறிவுக்கு நிகரான உயிர் ஆபத்தைக் கொண்டது. உடல் இடம் கொடுத்தால் முதல் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் முடிவது விரும்பத்தக்கது. சர்க்கரை, உப்பு, இதயப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போனால், எது முடிந்திருக்கிறது, எது பாக்கி என்று பணிவோடும் விடாமலும் தினம் கேட்க வேண்டியது பைஸ்டாண்டரின் வேலை. இளம் வயதினருக்கு முதல் மூன்று நாளுக்குள் திடீரென மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். எலும்புக்குள்ளிருந்த கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்ததற்கான அறிகுறியாக அது இருக்கலாம்.

ப்ளேட் என்ன செய்கிறது

மூட்டுக்கு மிக அருகிலுள்ள முறிவு என்பதால் மாவுக்கட்டு இதற்குச் சரிப்படாது. பல வாரம் கட்டுக்குள் கிடந்தால் எலும்பு கோணலாகச் சேரும், முட்டியும் இறுகிப்போகும். நடக்கவே முடியாதவர்களுக்கும் மயக்க மருந்தைத் தாங்காதவர்களுக்கும் மட்டுமே கட்டோடு விடுவதுண்டு. மற்றவர்களுக்கு இரண்டு வழிகள்: எலும்பின் நடுக்குழாயில் முட்டி வழியாக நெயில் ஏற்றுவது, அல்லது வெளிப்புறமாக ப்ளேட் வைப்பது. மூட்டுப் பரப்பு பல துண்டுகளாகியிருந்தால் ப்ளேட்தான் பெரும்பாலும் தேர்வு. துண்டுகளின் நிலையைச் சாதாரண எக்ஸ்ரே முழுதாகக் காட்டாது. குமிழின் பின்பாதி மட்டும் பிளந்து நிற்கும் ஹோஃபா முறிவு எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதுண்டு. எனவே சி.டி. ஸ்கேன் எழுதினால் அது வீண் செலவு என்று எண்ணாதீர்கள்.

எலும்பை ப்ளேட்டால் பொருத்தி உடனே மூட்டை அசைக்க வேண்டும் என்ற கொள்கையை உலகெங்கும் பரப்பியது 1958-ல் சுவிட்சர்லாந்தில் மோரிஸ் முல்லரும் நண்பர்களும் தொடங்கிய ஏ.ஓ. குழு. பழைய ப்ளேட்கள் எலும்போடு அழுத்தமாக ஒட்டியிருப்பதை நம்பியே நின்றன. பாட்டியின் மெலிந்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காது, தளர்ந்து வெளியே வரும். 2000-க்குப் பிறகு பரவிய லாக்கிங் ப்ளேட்டில் ஸ்க்ரூவின் தலையிலும் ப்ளேட்டின் ஓட்டையிலும் மரை இருக்கிறது. இரண்டும் பூட்டிக்கொண்டால் ஸ்க்ரூ தனியாகச் சாய முடியாது. ப்ளேட்டும் ஸ்க்ரூக்களும் சேர்ந்து ஒரே சட்டமாக எலும்பைத் தாங்கும். மெலிந்த எலும்பிலும் இந்த முறிவை நம்பிக்கையோடு பொருத்த முடிவது இதனால்தான்.

ஆபரேஷன் பெரும்பாலும் முதுகுத் தண்டில் ஊசி போட்டு நடக்கும். முட்டியைச் சற்று மடித்து வைத்து, தொடையின் வெளிப்பக்கம் திறப்பார்கள். முதல் வேலை மூட்டுப் பரப்பைப் படி இல்லாமல் சேர்த்து ஸ்க்ரூவால் பிடிப்பது. பிறகு சேர்த்த அந்தக் கீழ்ப்பகுதியை மேல் எலும்போடு நீளம், நேர், திருப்பம் மூன்றும் தவறாமல் இணைத்து ப்ளேட்டைச் செலுத்துவார்கள். நடுவில் எலும்பு நொறுங்கியிருந்தால் அந்த இடத்தைத் திறக்காமல் தோலுக்கடியில் ப்ளேட்டை நகர்த்தி மேலே சிறு கீறல்களில் ஸ்க்ரூ போடுவதும் உண்டு. நொறுங்கின துண்டுகளுக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் கெடுக்காமல் இருக்கவே அது. உள்பக்கமும் பலமாகச் சிதைந்திருந்தால் அங்கே இரண்டாவது ப்ளேட் வைப்பார்கள்.

ஸ்டீலா, டைட்டானியமா என்று குடும்பங்கள் மிகவும் குழம்புகின்றன. இரண்டிலும் எலும்பு சேரும். டைட்டானியம் விலை கூடுதல். பின்னால் எடுக்க வேண்டி வந்தால் எலும்போடு ஒட்டிக்கொண்டு சிரமம் தருவதும் அதுதான். கடன் வாங்கி டைட்டானியம் வைத்துவிட்டுப் பிசியோதெரபிக்குக் காசில்லாமல் நிற்பதைவிட, ஸ்டீல் ப்ளேட் வைத்து மிச்சப் பணத்தை அடுத்த மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முறிவு மூட்டுக்குள் இறங்கியிருக்கிறதா? எலும்பு இல்லாத இடைவெளி இருந்தால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து நிரப்புவீர்களா? எத்தனை வாரத்தில் காலை ஊன்றலாம்? கடைசிக் கேள்வியின் பதிலை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு குடும்பத்தில் பெரிய சண்டை வருவது இதைப் பற்றித்தான்.

வீட்டில் பன்னிரண்டு வாரம்

ஆபரேஷன் முடிந்தது, ப்ளேட் வைத்தாகிவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பதுதான் இந்தச் சிகிச்சையில் நான் காணும் பெரிய தவறு. ப்ளேட் காலவரையறை உள்ள துணை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஒடிவது போல, எலும்பு சேராத காலில் ஒவ்வொரு அடியும் ப்ளேட்டை வளைத்து வளைத்துக் களைக்க வைக்கிறது. எலும்பு அதற்குள் சேர்ந்துவிட வேண்டும். பெரும்பாலோருக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் சேர்ந்துவிடும். சில மாதம் கழித்து ப்ளேட் ஒடிந்தால் ‘மட்ட ரகம்’ என்று கடைக்காரரைத் திட்டுகிறோம்; அநேகமாக எலும்பு சேராமல் போனதே மூல காரணமாக இருக்கும்.

சேர்வதைத் தடுப்பவற்றில் நம் கையில் இருப்பவை இரண்டு: புகை, சர்க்கரை. பீடி, சிகரெட் முழுதாக நிற்க வேண்டும். ‘குறைத்திருக்கிறேன்’ என்பது போதாது. சர்க்கரையைப் பொறுத்தவரை, 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் கேரளத்துப் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. முறிவு வந்த பிறகுதான் தனக்குச் சர்க்கரை இருப்பதையே அறிகிறவர்கள் உண்டு. அது கட்டுக்குள் இல்லாவிட்டால் புண்ணும் ஆறாது, எலும்பும் சேராது. சாப்பாட்டில் மீன், முட்டை, பயறு, பால் தாராளமாக இருக்கட்டும். கஞ்சி மட்டும் கொடுத்துப் பத்தியம் வைப்பது வயதானவர்களை இன்னும் தளர்த்திவிடும்.

அடுத்தது முட்டி. வலிக்கும் என்று பயந்து அசைக்காமல் வைத்தால் தொடைத் தசை எலும்போடு ஒட்டிக்கொண்டு முட்டி நிரந்தரமாக விறைத்துவிடும். டாக்டர் தடுக்காதவரை, ஆபரேஷனுக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொடங்கிவிட வேண்டும். முதலில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க இது உதவும். பிறகு முழங்காலைக் கட்டிலில் அழுத்தித் தொடையின் முன்தசையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடிப்பது. அதன்பின் குதிகாலைப் படுக்கையில் உரசியபடி முட்டியை மடக்குவது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவது. ஆறு வாரத்துக்குள் முட்டி 90 டிகிரி மடங்குவதும் முழுதாக நீளுவதும் நல்ல இலக்கு. மடங்குவதில் காட்டும் அக்கறையை நீட்டுவதிலும் காட்டுங்கள். சுகமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதால்தான் பலருக்கு முட்டி நீளாமல் போகிறது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தானாக நேராகும். வலி மாத்திரையை, எழுதிக் கொடுத்த நாள்வரை, பயிற்சிக்கு அரைமணி நேரம் முன் கொடுப்பது உதவும்.

ஊன்றுவது பற்றி. இளம் வயதினருக்கு, மூட்டு சிதைந்திருந்தால், முதல் ஆறு எட்டு வாரம் வாக்கர் வைத்துக் கால்விரல் தரையைத் தொடும் அளவுக்கு மட்டும் அனுமதிப்பது வழக்கம். எக்ஸ்ரேயில் புது எலும்பு தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டி, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முழுதாக ஊன்றச் சொல்வார்கள். முதியவர்களுக்கு, படுக்கையில் கிடப்பதே பெரிய ஆபத்து என்பதால், இப்போது பல டாக்டர்கள் சீக்கிரமே ஊன்ற விடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எப்போது நடந்தார் என்பதை விடுங்கள். உங்கள் சீட்டில் எழுதியதுதான் உங்களுக்கு.

தரையில் சம்மணம் போடுவதும் இந்தியன் கழிப்பறையில் குந்துவதும் குறைந்தது மூன்று நான்கு மாதத்துக்கு வேண்டாம். ஊர் திரும்பும் முன்பே வெஸ்டர்ன் கழிப்பறைக்கோ, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலிக்கோ ஏற்பாடு செய்யுங்கள். மூட்டுப் பரப்பு உடைந்திருந்தால் முன்போல் குந்த முடியாமலும் போகலாம். அதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

தையல் பிரிப்பது 12 முதல் 14 நாளில். புண்ணிலிருந்து நீரோ சீழோ கசிந்தாலும், காய்ச்சலோடு வலி கூடினாலும் உள்ளூரில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் ஆபரேஷன் செய்த யூனிட்டுக்கே போங்கள். கெண்டைக்கால் திடீரென வீங்கி இறுகினால் அன்றே காட்ட வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் 108. மூன்று மாதம் தாண்டியும் காலை ஊன்றும்போது முறிந்த இடத்திலேயே வலித்தால், எலும்பு சேரவில்லையோ என்று பார்க்க எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பாட்டிகளைப் பற்றி இன்னொன்று. சின்ன விழுகையில் தொடை எலும்பு முறிந்தது என்றால் எலும்பு மெலிவு நோய் இருப்பது உறுதியாகிவிட்டது. ப்ளேட் அதைக் குணமாக்காது. வைட்டமின் டி, கால்சியம், எலும்பைக் கெட்டிப்படுத்தும் மாத்திரை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றி அதே டாக்டரிடம் கேளுங்கள். யாரும் கேட்காததால் விட்டுப்போகும் சிகிச்சை இது. அடுத்த முறிவு பெரும்பாலும் இடுப்பில் வருகிறது. குளியலறையில் கைப்பிடி பொருத்துவதும், இரவில் ஒரு சிறு விளக்கு எரியவிடுவதும் அதே வாரம் நடக்கட்டும்.

காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, சி.டி., இம்பிளான்ட் பெட்டியில் ஒட்டியிருந்த லேபிள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, போனிலும் படம் பிடித்து வையுங்கள். விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் ஒலித்தால் அந்தச் சம்மரி உதவும். ப்ளேட்டை எடுப்பது எல்லோருக்கும் தேவையில்லை. முதியவர்களுக்கு அப்படியே விட்டுவிடுவார்கள். இளம் வயதினருக்கு உறுத்தினால், எலும்பு முழுதாகச் சேர்ந்த பிறகு, பெரும்பாலும் ஒன்றரை இரண்டு ஆண்டு கழித்து எடுப்பதுண்டு. ஸ்க்ரூ தலையின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தியேட்டரில் திணறுவதைத் தவிர்க்க அந்த லேபிளைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.